உஷார்! தோற்றாலும் பறிபோகும் டி-ஷர்ட் டிசைன்

‘டி-ஷர்ட் டிசைன் போட்டி! முதல் பரிசு ரொக்கம்!’ இன்ஸ்டாகிராமில் இப்படி ஒரு போஸ்டரைப் பார்த்ததும் கை பரபரக்கிறதா? இப்போதுதான் வரையத் தொடங்கியிருக்கும் தம்பி, தங்கைகளே, அப்லோட் பட்டனை அமுக்கும் முன் கொஞ்சம் நில்லுங்கள். பரிசு ஒருவருக்குத்தான். ஆனால், சில போட்டிகளில் கலந்துகொண்ட அத்தனை பேரின் டிசைனும் நடத்துபவர் கைக்குப் போய்விடுகிறது!

போட்டி என்றாலே மோசடி என்று சொல்லவில்லை. 2000-ல் ஜேக் நிக்கெல், ஜேக்கப் டிஹார்ட் என்ற இரு இளைஞர்கள் தொடங்கிய சிகாகோவின் த்ரெட்லெஸ் நிறுவனம், இணையத்தில் ஓவியர்களைப் போட்டியிட வைத்து, ஓட்டு வாங்கிய டிசைன்களை டி-ஷர்ட்டில் அச்சடித்தே வளர்ந்தது. ஆனால், போட்டி அறிவிக்கும் எல்லோரும் நேர்மையானவர்கள் அல்ல. டிசைனருக்குச் சம்பளம் கொடுக்காமல் நூற்றுக்கணக்கான டிசைன்களை அள்ள, போட்டியைவிடச் சுலபமான வழி ஏது?

விதிமுறையில் ஒளிந்திருக்கும் ஆபத்து

‘அனுப்பப்படும் படைப்புகள் அனைத்தும் நிறுவனத்துக்கே சொந்தம்.’ விதிமுறைகளில் முதலில் தேட வேண்டியது இந்த வரியைத்தான். நீங்களாக வரைந்த படத்துக்கு, வரைந்த நொடியிலிருந்தே பதிப்புரிமை உங்களுடையது. பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. உங்கள் ஆயுள் முழுவதும், அதன் பிறகு 60 ஆண்டுகளும் அந்த உரிமை நிற்கும். நீங்களே எழுதிக் கொடுத்தால் மட்டும்தான் போகும்.

எழுதிக் கொடுத்தாலும் 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கொஞ்சம் கை கொடுக்கிறது. எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள்தான். எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தாலொழிய, உரிமை உங்களிடமே திரும்பிவிடும். ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும், திரும்பப் பெற இயலாதபடி’ என்று சேர்த்து எழுதுகிறார்களே, அது இந்தப் பாதுகாப்புகளைத் தாண்டுவதற்குத்தான். ‘ஐ அக்ரி’ கட்டத்தில் டிக் அடித்துவிட்டால், நாளை தகராறு வரும்போது அதைத்தான் தூக்கிக் காட்டுவார்கள்.

வழக்கு வந்தால் உங்கள் தலையில்!

‘மூன்றாம் நபர் உரிமை கோரினால் முழுப் பொறுப்பும் படைப்பாளியுடையது’ என்றும் ஒரு விதி இருக்கும். கூகுளில் எடுத்த படத்தை ட்ரேஸ் செய்தீர்களா? ‘பர்சனல் யூஸ்’ என்று இலவசமாகக் கிடைத்த ஃபான்ட்டைப் போட்டீர்களா? சட்டை விற்ற லாபம் அவர்களுக்கு, நோட்டீஸ் உங்களுக்கு. அபிமான நடிகரின் முகத்தை வரைவதிலும் இதே வம்பு உண்டு. தன் பெயரையும் பாணியையும் அனுமதியின்றிப் பயன்படுத்தியதாக ரஜினிகாந்த் ஒரு இந்திப் படத்தின் மீது தொடுத்த வழக்கில், 2015-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது.

‘வாழ்த்துகள், ஜெயிச்சுட்டீங்க!’

இப்படி ஒரு மெசேஜ் வந்தால் இன்னும் உஷாராகுங்கள். பரிசை அனுப்ப ‘பிராசஸிங் கட்டணம்’ கேட்டால், அது பரிசல்ல, பொறி. ரொக்கப் பரிசுக்கு வரி உண்டென்றால் பரிசுத் தொகையிலேயே பிடித்துக்கொள்வார்கள். யுபிஐ-யில் பணம் பெற பின் நம்பர் போட வேண்டியதே இல்லை. போடச் சொன்னால் உங்கள் பணம் வெளியே போகப்போகிறது என்று அர்த்தம். ‘ஓட்டுப் போட வந்த ஆறு இலக்க எண்ணைச் சொல்லுங்க’ என்று நண்பரின் கணக்கிலிருந்தே கேட்டாலும் சொல்லாதீர்கள். உங்கள் வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் கணக்கைப் பறிக்கும் சாவி அது. பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

என்ன செய்யலாம்?

* ‘தேர்வாகாத படைப்புகளின் உரிமை படைப்பாளிக்கே’ என்று விதிமுறையில் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மெயிலில் கேளுங்கள். பதில் வராவிட்டால் ஒதுங்கிவிடுங்கள்.

* விதிமுறைப் பக்கத்தைத் தேதியோடு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பின்னால் மாற்றிவிட்டு ‘முதலிலிருந்தே இப்படித்தான்’ என்பார்கள்.

* அச்சுக்குத் தயாரான 300 டிபிஐ கோப்பையோ, லேயர்களை ஒன்றாக இணைக்காத மூலக் கோப்பையோ முதல் சுற்றிலேயே கொடுக்காதீர்கள். வாட்டர்மார்க் போட்ட சிறிய படம் போதும். மூலக் கோப்பு, ஜெயித்துக் கையெழுத்தான பிறகுதான்.

* பென்சில் ஸ்கெட்ச் முதல் கடைசி வடிவம் வரை எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். ‘இது என்னுடையது’ என்று நிரூபிக்க அவைதான் சாட்சி.

* கலந்துகொள்ளவே கட்டணம் கேட்டால், நடத்துபவர் யார், முன்பு ஜெயித்தவர்களுக்குப் பரிசு போய்ச் சேர்ந்ததா என்று விசாரியுங்கள். ஜெயித்தவரையே தேடிப் பிடித்துக் கேட்டால் இன்னும் நல்லது.

ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டீர்களா? அப்போதும் வரைந்தவர் நீங்கள்தான் என்று உரிமை கோர, சட்டத்தின் 57-வது பிரிவு இடம் தருகிறது. ஆனால், விற்பனைப் பணம் அதனால் திரும்பி வராது. ஆகவே விதிமுறையைக் கடைசி வரி வரை படியுங்கள். புரியாவிட்டால் விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். அதற்குள் கடைசித் தேதி முடிந்துவிட்டால் முடியட்டும். அடுத்த போட்டி வரும், எழுதிக் கொடுத்த உரிமை வராது.