முப்பத்தேழு பாகை நீர்

காற்றடைத்துப் பெருக்கிய பேற்றுத்தொட்டி ஒன்று ஏறத்தாழ 600 இலிட்டர் நீர் கொள்ளும். அந்நீரின் எடை 600 கிலோ. இங்கிலாந்தில் வீட்டிலேயே நீர்ப்பேறு காண விரும்பும் குடும்பம் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது, அந்த எடையைத் தாங்கப்போகும் தரையை. அந்நாட்டு வீடுகளின் மாடித்தளங்கள் பெரும்பாலும் மரச்சட்டங்களின்மேல் பலகை பரப்பியவை. சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ என்னும் கணக்கில் அமைக்கப்படுபவை. அரை மீட்டர் ஆழ நீரோ, தான் நிற்கும் ஒவ்வொரு சதுர மீட்டரையும் 500 கிலோ எடையால் அழுத்தும். எனவே கீழ்த்தளமே சிறந்தது. மாடியைவிட்டால் வேறு இடமில்லாதவர்கள் கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் காட்டிவிட்டு, சுவரை ஒட்டி, சட்டங்களுக்குக் குறுக்காகத் தொட்டியை வைக்க வேண்டும்.

மகப்பேற்றைப் பற்றிய கட்டுரையை எடைக்கணக்கில் தொடங்கக் காரணம் உண்டு. நீரில் பிள்ளை பெறுதல் என்றவுடன் மங்கிய ஒளியும் மெல்லிசையும் மனக்கண்ணில் தோன்றுகின்றன. அவற்றுக்கும் இடமுண்டு. ஆயினும் அத்தொட்டி தாய்க்குத் தரும் ஆறுதல் நீரின் இயற்பியலிலிருந்து வருகிறது. அது விளைவிக்கக்கூடிய இடர்களும் அங்கிருந்தே வருகின்றன. அவ்விரண்டையும் அறிந்து வீட்டை ஒழுங்குசெய்வதையே நான் ஆயத்தம் என்பேன்.

நீரில் நிகழ்ந்த பேறு ஒன்றை மருத்துவ ஏடு முதன்முதலாகப் பதிந்தது 1805-ல், பிரான்சில். இரண்டு நாள் வலியில் துவண்ட ஒரு தாய் களைப்பாற வெந்நீர்த் தொட்டியில் இறங்கினார். சிறிது நேரத்தில் அங்கேயே பிள்ளை பிறந்தது. அதன்பின் நெடுங்காலம் இச்செய்தி உறங்கியது. 1970-களில் அதே பிரான்சில், பித்திவியே ஊர் மருத்துவமனையில், மிசெல் ஓடான் என்னும் மருத்துவர் சிறுவர் விளையாடும் காற்றுத்தொட்டி ஒன்றை வாங்கிப் பேற்றுமனையில் வைத்தார். வலி தணிக்கவே வைத்தார். சில தாய்மார் வெளியேற மனமின்றி அதிலேயே பெற்றெடுத்தனர். அங்ஙனம் நிகழ்ந்த 100 பேறுகளைப் பற்றி அவர் 1983-ல் ‘லான்செட்’ இதழில் எழுதினார். 1992-ல் பிரித்தானிய நாடாளுமன்றத்தின் நலவாழ்வுக் குழு, விரும்பும் தாய்மாருக்குப் பேற்றுத்தொட்டி கிடைக்க வழிசெய்ய வேண்டும் எனப் பரிந்துரைத்தது. மகப்பேற்றுச் செவிலியர் வீட்டுக்கே வந்து பேறு பார்ப்பது இன்றும் அந்நாட்டு அரசு மருத்துவத்தின் ஒரு பகுதி.

இனி வெப்பம். ஆயத்தங்கள் யாவற்றிலும் இதுவே தலையாயது என்பது என் துணிபு.

கருவிலிருக்கும் சேய்க்கு வியர்க்க வழியில்லை. போர்வையை உதறவும் வழியில்லை. தன் உடலில் எழும் சூட்டை நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் குருதிக்குக் கொடுத்தே அது தணிகிறது. ஆதலால் சேயின் வெப்பநிலை தாயினதைவிட அரைப் பாகை அளவு கூடுதலாகவே இருக்கும். மார்புவரை வெந்நீரில் அமிழ்ந்த தாய்க்கோ தன் சூட்டை வெளியேற்றும் வழி அடைபடுகிறது. வியர்வை ஆவியாக வெளித்தோல் போதாது. தாயின் உடல் சூடேறினால் சேயின் உடல் அதனினும் ஏறும். அதன் இதயம் விரைந்து துடிக்கும். உயிர்வளித் தேவை பெருகும். பேற்றுவலியின் ஒவ்வோர் இறுக்கத்திலும் சேய்க்குச் செல்லும் குருதி சற்றே குறையும் வேளையில் இத்தேவை பெருகுவது நன்றன்று. இதனால்தான் இங்கிலாந்தின் மருத்துவ நெறிமுறைகளை வகுக்கும் ‘நைஸ்’ நிறுவனம், தொட்டி நீர் 37.5 பாகை செல்சியசைத் தாண்டலாகாது என்றும், நீரின் சூட்டையும் தாயின் சூட்டையும் மணிக்கொருமுறை அளக்க வேண்டும் என்றும் சொல்கிறது. முழங்கையை நனைத்துப் பார்த்து ‘இதமாக இருக்கிறது’ என்பது இங்கே அளவாகாது. நல்ல வெப்பமானி வேண்டும். ஒன்று பழுதானால் உதவ மற்றொன்றும் வேண்டும்.

இந்த 600 இலிட்டரையும் 36 பாகைக்குக் கொண்டுவர எவ்வளவு வெந்நீர் வேண்டும்? குளிர்காலத்துக் குழாய்நீர் 10 பாகை, வீட்டுக் கொதிகலத்து நீர் 60 பாகை எனக் கொள்வோம். கணக்கிட்டால் வெந்நீர் மட்டும் 312 இலிட்டர் வேண்டும். பல வீடுகளின் வெந்நீர்க்கலம் கொள்வது 150 முதல் 200 இலிட்டர்தான். ஒருமுறை தீர்ந்தால் மறுபடி காய நேரமாகும். இதை முன்னமே அறியாத குடும்பம், வலி மிகுந்த வேளையில் பாதி நிறைந்த இளஞ்சூட்டுத் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அதனால்தான் பட்டறிந்த செவிலியர், பேற்று நாளுக்குச் சில கிழமைகள் முன்பே தொட்டியை ஒருமுறை விரித்து, காற்றடித்து, எவ்வளவு நேரத்தில் நிறைகிறது என்று கடிகாரம் பார்த்து ஒத்திகை செய்யச் சொல்வர். குழாயின் வாயும் நெகிழிக் குழலின் முனையும் பொருந்துகின்றனவா என்பதும் அன்றே தெரிந்துவிடும். பொருந்தாத முனை சிறு பொருள்தான். நள்ளிரவில் எந்தக் கடையும் திறந்திராது.

நிறைத்தபின்னும் வேலை முடிவதில்லை. நீர் ஆறிக்கொண்டே இருக்கும். 36 பாகைக்கு இறங்கிய 600 இலிட்டரை 37-க்கு உயர்த்த, 25 இலிட்டர் நீரை முகந்து வெளியே கொட்டிவிட்டு, 60 பாகை வெந்நீர் 25 இலிட்டர் சேர்க்க வேண்டும். இரண்டு மூன்று வாளி. தாய் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்புறம், தொட்டியின் ஓரமாக, கையால் கலக்கியபடியே மெல்லச் சேர்க்க வேண்டும். கொதிநீரைத் தாய் உள்ளிருக்கையில் ஊற்றவே கூடாது. தாய் இறங்கும்வரை தொட்டிக்கு மூடி போட்டு வைத்தால் இவ்வேலை பாதியாகும்.

இவ்வளவு உழைப்பும் எதற்கென்றால், நீர் வலியை ஆற்றுகிறது. மார்புவரை அமிழ்ந்த உடலின் எடையில் பாதிக்கு மேற்பட்ட பகுதியை மிதப்பு விசை ஏந்திக்கொள்கிறது. நிறைசூலி ஒருவர் தரையில் ஒருக்களித்துப் புரள எத்தனை பாடுபடுவார்! நீரிலோ முழந்தாளிட்டு, விளிம்பில் சாய்ந்து, குந்தி, மறுபடி மல்லாந்து என எளிதாகத் திரும்புகிறார். தனக்கு உகந்த நிலையைத் தானே கண்டுகொள்கிறார். தோல் முழுவதும் பரவும் வெம்மையும் தீண்டலும் முதுகுத்தண்டை எட்டும்போது, அங்கே வலிச்செய்தி மேலேறும் வாயிலைச் சற்றே சாத்துகின்றன என்று விளக்குவது, மெல்சாக்கும் வாலும் 1965-ல் வெளியிட்ட வாயிற் கோட்பாடு. நீரின் அழுத்தம் கால்களில் தேங்கிய நீர்மத்தைக் குருதிக்குள் தள்ளுகிறது, வீங்கிய கணுக்கால் வடிகிறது, சிறுநீர் மிகுகிறது. நிறைந்த சிறுநீர்ப்பை சேயின் தலை இறங்கும் வழியை மறிக்கும். ஆகவே தாய் அவ்வப்போது எழுந்து கழிப்பறை சென்றுவருவதையும் ஆயத்தத்தில் சேர்க்க வேண்டும். தொட்டியிலிருந்து அங்குவரை வழுக்காத விரிப்பு போட்டிருக்க வேண்டும்.

மங்கிய ஒளிக்கும் இங்கேதான் இடம். கருப்பையை இறுக்குவிக்கும் ஆக்சிடோசின் என்னும் சுரப்பு அமைதியில் பெருகும். அச்சத்தில் சுரக்கும் அட்ரினலின் அதைத் தடுக்கும். திரைகளை இழுத்துவிட்டு, கைப்பேசிகளை அடுத்த அறையில் வைத்துவிட்டு, பேச்சைக் குறைப்பது தாய்க்குச் செய்யும் மருத்துவமே. நெற்றிக்குக் குளிர்ந்த ஈரத்துணி, வளையும் உறிஞ்சுகுழலிட்ட குவளையில் தண்ணீர், இடையிடையே ஒரு வாய் உணவு, இடுப்பைப் பிடித்துவிட ஒரு கை. வெந்நீரில் இருப்பவருக்குத் தாகம் தெரியுமுன்பே நீர் கொடுக்க வேண்டும் என்பதைக் கணவர்மார் நினைவில் கொள்வது நல்லது.

சேய் நீருக்குள் மூச்சுவிட முயலாதா? பெற்றோர் எல்லாரும் கேட்கும் இக்கேள்விக்கு விடை வேண்டும். பிறக்கும் நொடிவரை சேயின் நுரையீரல் நீர்மம் நிறைந்தது. உயிர்வளி கொப்பூழ்க்கொடி வழியே வருகிறது. நலமுள்ள சேயின் முகம் வெதுவெதுப்பான நீரில் இருக்கும்வரை குரல்வளை மூடும் இயல்பூக்கம் காக்கிறது. காற்றின் குளிர்ச்சி முகத்தில் படுவது முதல் மூச்சுக்குரிய தூண்டல்களுள் ஒன்று. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. உயிர்வளி குன்றித் திணறும் சேய் இக்காப்புகளை மீறி நீருக்குள்ளேயே மூச்சிழுக்கக்கூடும். ஆதலால் நீர் புகாத ஒலிக்கருவியால் சேயின் இதயத்துடிப்பை வலியின் முதற்கட்டத்தில் 15 நிமிடத்துக்கு ஒருமுறையும், முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறையும் செவிலி கேட்கிறார். துடிப்பு மாறினால் தாய் வெளியே வந்துவிட வேண்டும். சேயின் தலை ஒருமுறை காற்றைத் தொட்டுவிட்டால் மீண்டும் நீருக்குள் அமிழக்கூடாது.

தொட்டியருகே இருக்க வேண்டிய ஏனைய பொருள்கள் எளியவை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் தொட்டி உறை, குடிநீருக்கு ஏற்ற புதிய நெகிழிக் குழல், காற்றடிக்கும் கருவி, தரைக்கு நீர்ப்புகா விரிப்பு, பழைய துண்டுகள் பத்துக்குக் குறையாமல், நீரில் மிதப்பவற்றை அள்ள ஒரு சல்லடை, நஞ்சுக்கொடிக்கு அகன்ற கிண்ணம். கைவிளக்கும் சிறு கைக்கண்ணாடியும் செவிலிக்கு. இருண்ட அறையில், நீருக்கடியில் தாழ்த்திப் பிடித்த அந்தக் கண்ணாடியில்தான் அவர் சேயின் தலையை முதலில் காண்கிறார்: ஒரு நாணயம் அளவு கருமை, அதில் நீர்ப்பாசிபோல் அசையும் மயிர். வலி தணிகையில் அது பின்வாங்குகிறது. அடுத்த வலியில் இன்னும் சற்று முன்வருகிறது.

நீரைப் பல நாள் முன்பே நிரப்பிச் சூட்டிலேயே வைத்திருப்பது பேரிடர். அத்தகைய வெதுவெதுப்பு லெகியோனெல்லா என்னும் நுண்ணுயிருக்கு விளைநிலம். 2014-ல் இங்கிலாந்தில் அவ்வாறு முன்கூட்டி நிரப்பிய வீட்டுத் தொட்டியில் பிறந்த மகவு ஒன்று லெகியோனெல்லா நுரையீரல் நோயுற்றதும், சூடாக்கியும் சுழலியும் பொருத்திய தொட்டிகளை அவ்வாறு பயன்படுத்த வேண்டாமென அந்நாட்டுப் பொதுநலத் துறை எச்சரித்தது. வலி எடுத்தபின் புதுநீர் நிரப்புவதே முறை.

ஆய்வுகள் சொல்வதையும் உள்ளபடி வைப்பேன். 2015 முதல் 2022 வரை பிரித்தானியாவில் பேற்றுத்தொட்டியைப் பயன்படுத்திய 87,000-க்கு மேற்பட்ட தாய்மாரை ஆராய்ந்து 2024-ல் வெளியான ஆய்வு, இடரில்லாத சூலியருக்கு நீரில் பெறுவது தாய்க்கும் சேய்க்கும் கூடுதல் தீங்கு தரவில்லை எனக் கண்டது. கொப்பூழ்க்கொடி அறுந்துபோவது மட்டும் நீரில் 100-க்கு 1 ஆகவும், வெளியில் 1,000-க்கு 3 ஆகவும் இருந்தது. சேயை மேலே தூக்கும் விரைவில் குட்டையான கொடி இழுபடுவதே காரணமாகலாம். இடுக்கி கையெட்டும் தொலைவில் இருந்தால் குருதியிழப்பை நிறுத்தலாம். இங்கு ஆய்ந்த பேறுகள் பயிற்சி பெற்ற செவிலியர் பார்த்தவை என்பதை மறக்கலாகாது. அமெரிக்க மகப்பேற்று மருத்துவர் கல்லூரி, முதற்கட்ட வலிக்கு நீரில் அமிழ்வதை ஏற்றாலும், பேற்றை நீருக்கு வெளியே கொள்ளுமாறே 2016-ல் அறிவுறுத்தியது. வீடு என்னும் இடத்தைப் பற்றி 2011-ல் இங்கிலாந்தில் வெளியான பேராய்வு ஒன்று உண்டு. அதன்படி, வீட்டில் பெறத் திட்டமிட்ட தலைச்சூலியருள் 100-க்கு 45 பேர் மருத்துவமனைக்கு மாற்றப்பட்டனர். அவர்தம் மகவுகளுக்குக் கடும் தீங்கு நேர்ந்தது 1,000-க்கு 9 என்ற அளவில். மருத்துவமனைப் பேற்றில் அது 5. முன்னமே பெற்றவர்களிடம் அவ்வேறுபாடு காணப்படவில்லை.

அந்த 45-ஐ நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. தலைச்சூலியருள் ஏறத்தாழ பாதிப் பேர் வீட்டைவிட்டுப் புறப்படுகிறார்கள் என்றால், தொட்டிக்கான ஆயத்தத்தில் பாதி, தொட்டியைவிட்டு எழுவதற்கானதாக இருக்க வேண்டும். மருத்துவமனைப் பை கதவருகே நிற்கட்டும். தொட்டிக்கும் வாயிலுக்கும் இடையில் தூக்குப்படுக்கை திரும்பும் அகலம் இருக்கட்டும். தாயை நீரிலிருந்து தூக்கக் குறைந்தது இருவர் வேண்டும். எப்படித் தூக்குவது என்பதைச் செவிலியர் முன்னமே காட்டித் தர வேண்டும். தோள் சிக்கினாலோ, குருதி பெருகினாலோ, தாய்க்குக் காய்ச்சல் கண்டாலோ, பனிக்குட நீரில் சேயின் மலம் கலந்து தடித்தாலோ தொட்டியின் வேலை முடிந்தது. 37 கிழமை நிறையாத சூல், தலை மேலாக இருக்கும் சேய், இரட்டைச் சூல், குருதியழுத்தம் மிகுந்த தாய் ஆகியோர்க்கு அது தொடங்கவே கூடாது.

குருதியைப் பற்றி இன்னும் ஒரு சொல். பேற்றின்பின் அரை இலிட்டர் குருதி வெளியேறினால் மருத்துவம் அதை எச்சரிக்கையாகக் கொள்ளும். அரை இலிட்டர் 600 இலிட்டரில் கரைந்தால் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. நீர் சிவக்கும், அளவு தெரியாது. ஆதலால் நஞ்சுக்கொடி விழுமுன்பே தாய் வெளியேறி உலர்ந்த படுக்கைக்கு வருவதைச் செவிலியர் பலரும் விரும்புவர். தமிழ்நாட்டில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் மாநிலத்தில் 100-க்கு 99 பேறுகளுக்கு மேல் மருத்துவமனைகளில் நிகழ்கின்றன. வீட்டுக்கு வந்து நீர்ப்பேறு பார்க்கும் அரசுச் செவிலியர் அமைப்பு இங்கில்லை. 2018-ல் திருப்பூரில் காணொளி பார்த்து வீட்டிலேயே பேறு நிகழ்த்த முயன்றபோது, குருதிப்போக்கால் ஓர் இளந்தாய் இறந்தார். அவர் இழந்த குருதியைக் கண்டு அளந்தறியப் பயின்ற கண் ஒன்று அருகில் இருந்திருக்க வேண்டும். தொட்டியும் குழலும் வெப்பமானியும் விலைக்குக் கிடைக்கும். அந்தக் கண் கிடைக்காத இடத்தில் இவற்றுள் எதையும் வாங்க வேண்டாமென்றே நான் சொல்வேன்.

அது கிடைக்கும் இடத்தில், எல்லாம் ஒழுங்காக நடந்த இரவில், சேய் குப்புற நீருக்குள் நழுவி வருகிறது. செவிலி அவசரமின்றி, தாமதமுமின்றி, முகம் முதலில் வெளிவரத் தூக்கித் தாயின் மார்பில் வைக்கிறார். உடல் நீலமோடியிருக்கிறது, கொடியில் நாடி துடிக்கிறது. காற்றுப் பட்டதும் முகம் சுருங்குகிறது, வாய் திறக்கிறது. ஈரமான சிறுதலை சூட்டை விரைந்து இழக்கும் என்பதால் சூடாக்கி வைத்த துண்டு அதன்மேல் விழுகிறது. இருவரையும் படுக்கைக்குக் கொண்டுவருகிறார்கள். ஈரத்துண்டை எடுத்துவிட்டு உலர்ந்ததைப் போர்த்துகிறார்கள். பிறந்த மகவின் சூடு 36.5-க்கும் 37.5-க்கும் இடையில் நிற்க வேண்டும். இப்போது அதைக் காப்பது தாயின் தோல். செவிலி மகவின் அக்குளில் வெப்பமானியை வைத்துக் காத்திருந்து பதிவேட்டில் எழுதுகிறார்: 36.9. அடுத்த அறையில் தந்தை நீரேற்றியின் குழலைத் தொட்டிக்குள் இறக்குகிறார்.