ஓடவும் சொல்லித்தர வேண்டும்

தெருவில் பிள்ளைகள் கிரிக்கெட்டுக்கு டீம் பிரிக்கும்போது கவனித்திருப்பீர்கள். கடைசிவரை யாரும் கூப்பிடாத பிள்ளை ஒன்று இருக்கும். "நீ அம்பயரா இரு" என்பார்கள். இல்லாவிட்டால் சாக்கடையில் விழுந்த பந்தை எடுக்க அனுப்புவார்கள். நாலு நாள் போனால் அந்தப் பிள்ளை தெருப்பக்கமே வராது. "அவனுக்கு விளையாட்டுல இஷ்டமில்லை, போன் இருந்தா போதும்" என்று வீட்டில் சொல்லிவிடுவோம். பல நேரம் குறை இஷ்டத்தில் இல்லை. பந்தைப் பிடிக்க அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

அனா ஆவன்னா தானாக வராது என்று தெரிந்துதான் விரலைப் பிடித்து எழுதவைக்கிறோம். ஓடுவது, தாவுவது, எறிவது, ஒற்றைக்காலில் நிற்பது எல்லாம் வளர வளரத் தானே வந்துவிடும் என்று விட்டுவிடுகிறோம். வருவதில்லை. பிரிட்டனைச் சேர்ந்த உடற்கல்வியாளர் மார்கரெட் ஒயிட்ஹெட் 1990களிலிருந்தே இதைச் சொல்லிவந்தார். உடலைப் பயன்படுத்தத் தெரிய வேண்டும், முடியும் என்ற தைரியம் வேண்டும், செய்ய ஆசை வேண்டும், ஏன் செய்கிறோம் என்று புரிய வேண்டும். இந்த நான்கும் சேர்ந்தால்தான் பழக்கம் ஆயுளுக்கும் நிற்கும் என்பது அவர் கருத்து. நம் பள்ளிகள் பலவற்றில் முதலாவது மட்டும் நடக்கிறது. அதுவும் மெடல் வாங்கித்தரும் பத்துப் பிள்ளைகளுக்கு.

எவ்வளவு நேரம்?

5 முதல் 17 வயதுவரை, சராசரியாக நாளுக்கு 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவு உடல் அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்தில் மூன்று நாளாவது எலும்புக்கும் தசைக்கும் வேலை தரும் ஓட்டம், குதித்தல், ஏறுதல் இருக்க வேண்டும். 146 நாடுகளின் கணக்கை வைத்துப் பார்த்ததில், 2016இல் 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேர் இந்த 60 நிமிட அளவை எட்டவில்லை. ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் வேண்டியதில்லை. பள்ளிக்கு நடப்பது, இடைவேளை ஓட்டம், மாலை விளையாட்டு என்று பிரித்துச் சேர்த்தால் போதும்.

பந்து எறிவதில் ஒரு பாடம்

எறியத் தெரியாத பிள்ளையைப் பாருங்கள். இரண்டு காலையும் ஒட்டி நின்று, கையை மட்டும் வீசும். பந்து காலடியிலேயே விழும். பக்கவாட்டில் திரும்பி நிற்கச் சொல்லுங்கள். வலக்கையால் எறிகிற பிள்ளை இடக்காலை முன்னே வைத்து, இடுப்பைத் திருப்பிவிட்டுக் கையை வீசட்டும். கொஞ்ச நேரத்திலேயே பந்து முன்பைவிடத் தள்ளிப்போய் விழுவதை அதுவே பார்க்கும். அந்த முகத்தைப் பார்த்தால் தைரியம் எங்கிருந்து வருகிறது என்று புரியும்.

பிடிப்பதும் அப்படியே. பந்து வரும்போது முகத்தைத் திருப்பும் பிள்ளையிடம் கிரிக்கெட் பந்தைக் கொடுக்காதீர்கள். முதலில் பலூன், பிறகு பெரிய மென்பந்து, அதற்கப்புறம் ரப்பர் பந்து. பயம் போன பிறகுதான் கை வரும்.

நம் பழைய ஆட்டங்களில் இந்தப் பயிற்சியெல்லாம் இருக்கிறது. பாண்டியில் ஒற்றைக்காலில் நின்றபடி குனிந்து சில்லு எடுப்பது சமநிலைக்கு. கிளித்தட்டில் ஒரு பக்கம் போக்குக்காட்டி மறுபக்கம் பாய்வது சட்டென்று திசைமாறப் பழக்கும்.

ஓட்டம் தண்டனை அல்ல

வீட்டுப்பாடம் எழுதாதவனை "கிரவுண்டை அஞ்சு ரவுண்டு சுத்து" என்று அனுப்பும் ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஓட்டத்தை வெறுக்கவைக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. பி.டி. பீரியடைக் கணக்கு சார் எடுத்துக்கொள்வதும் இதற்குச் சளைத்ததல்ல. விளையாட்டு நேரத்தைக் கூட்டிய பள்ளிகளில் மதிப்பெண் சரியவில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. பத்தாம் வகுப்பு வந்ததும் விளையாட்டை நிறுத்தும் பெற்றோர் இதை யோசிக்கட்டும்.

பதின்வயதில்

திடீரென்று உயரம் கூடும் வயதில் நேற்றுவரை நன்றாக ஆடியவனும் தடுமாறுவான். அது தற்காலிகம், கேலி செய்யாதீர்கள். எட்டு வயதிலேயே ஒரே விளையாட்டில் பூட்டிவைப்பதும் நல்லதல்ல. வளரும் வயதில் ஓயாமல் வேகப்பந்து வீசும் பையன்களுக்கு முதுகெலும்பில் மெல்லிய முறிவு வருவதுண்டு.

பெண் பிள்ளைகள் நிலைமை இன்னும் மோசம். "வயசுக்கு வந்த பிள்ளைக்கு என்ன ஓட்டம்?" என்ற ஒரு பேச்சிலேயே பலருக்கு விளையாட்டு முடிந்துபோகிறது. ஆனால் எலும்பு வேகமாக வலுப்பெறும் பருவம் அதுதான். மாதவிடாய் நாட்களில் உடம்பு ஒத்துழைத்தால் விளையாடத் தடையில்லை. பள்ளியில் சுத்தமான கழிப்பறையும், துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டே ஓட வேண்டாத உடையும் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

ஓடும்போது நெஞ்சுவலி, மயக்கம், வழக்கத்துக்கு மீறிய மூச்சிரைப்பு, பல நாள் ஆறாத மூட்டுவலி இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆஸ்துமா இருக்கும் பிள்ளையும் சரியான மருந்தோடு விளையாடலாம்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைப் பார்த்த கையோடு ஒரு கேள்வி கேளுங்கள்: வாரத்துக்கு எத்தனை பி.டி. பீரியடு, அதில் எல்லாப் பிள்ளைகளும் விளையாடுகிறார்களா?