முதுகில்லாத சிற்பங்கள்

காரைக்கால் விழிதியூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பிள்ளைகளோடு சோழமண்டலம் கலைக் கிராமத்துக்குப் போனாராம். "ஒரு செப்புச் சிற்பத்தின் பின்னால் போய்ப் பார்த்தால் வெறும் குழிவுதான். வேலை பாதியில் நின்றுவிட்டதா?" என்று கேட்கிறார்.

சென்னை ஓவியக் கல்லூரி முதல்வர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் ஈஞ்சம்பாக்கத்துக் கடலோர மணலில் அந்தக் கிராமத்தை உருவாக்கியதும், கைவினைப் பொருள்கள் விற்ற காசே அதற்குக் கைகொடுத்ததும் பலர் அறிந்ததே. தோட்டத்து நிழலில் கருங்கல் சிற்பங்கள் நிற்கின்றன; 2009இல் திறந்த அருங்காட்சியகமும் உண்டு. வாசகியின் கேள்விக்கு வருவோம்.

சுவாமிமலைச் சிற்பிகள் மெழுகில் உரு செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். சிலை கெட்டியாக, நாலாபுறமும் முழுமையாக வரும். சோழமண்டலத்துச் சிற்பி பி.வி. ஜானகிராம் (1930–1995) எடுத்துக்கொண்டதோ தகடு. அதைத் தட்டித் தட்டி முகத்தையும் உடலையும் புடைக்கச் செய்தார். நகைக்கும் ஆடைக்கும் கம்பியையும் பட்டையையும் பற்றவைத்தார். இந்த யோசனைக்கு மூலம் கோயிலில் சுவாமிக்குச் சாத்தும் கவசம். சன்னிதியில் எதிரே நின்றுதானே கும்பிடுகிறோம்? கவசத்துக்கு முதுகு எதற்கு? சுற்றி வந்து பார்க்க வேண்டியதே சிற்பம் என்ற ஐரோப்பியப் பாடத்துக்கு இது நம்மூர் பதில். பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபாலும் செம்பிலும் பித்தளையிலும் இதே முன்முகப் பாணியில் பெரிய உருவங்கள் செய்தார். ஆகவே அம்மா, வேலை முடிந்துதான் இருக்கிறது.

இன்னொன்று, களிம்பு. உப்புக்காற்றில் செம்பு பச்சை பூக்கும். இரும்புத் துரு உதிர்ந்து உதிர்ந்து உள்ளே அரிக்கும். செம்பின் பச்சைப் படலமோ ஒட்டிக்கொண்டு அரிப்பின் வேகத்தைக் குறைக்கும். எங்கள் வீட்டுச் செப்புக் குடத்தைப் பொங்கலுக்குப் பொங்கல் புளி போட்டுப் பளபளக்கத் தேய்த்தோம். ஓரம் மெலிந்து ஓட்டை விழுந்ததுதான் மிச்சம். கலைஞர்கள் மேற்பரப்பின் நிறத்தையும் வேலையின் ஒரு பகுதியாகவே கருதுகிறார்கள். நாமோ பிறந்தநாள் வந்தால் தலைவர் சிலைக்குத் தங்க வர்ணம் அடித்து, முகத்தின் நுணுக்கத்தையெல்லாம் மூடிவிடுகிறோம். இதற்குப் பராமரிப்பு என்று பெயர் வேறு!

காரைக்கால் பள்ளிச் சுற்றுலா பஸ்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்தோடு திரும்புகின்றன; இல்லையென்றால் கேளிக்கைப் பூங்காவில் நிற்கின்றன. ஆசிரியர்களே, ஒரு மணி நேரம் சோழமண்டலத்திலும் இறக்கிவிடுங்கள். பிள்ளைகள் சிற்பத்தின் முன்னால் நின்று பார்க்கட்டும், பின்னாலும் எட்டிப் பார்க்கட்டும். ஏறி உட்கார்ந்து படம் மட்டும் எடுக்க வேண்டாம்.