குளிர் தேசத்து நிழற்பாத்தியில் தரை ஆர்க்கிட்டுகள்

ஆர்க்கிட் என்றவுடன், மேற்குத் தொடர்ச்சி மலைச் சோலைகளில் மரக்கிளைகளைப் பற்றி வளரும் செடிகளோ, கண்ணாடி மனைகளில் வெப்பமும் ஈரமும் ஊட்டி வளர்க்கப்படும் செடிகளோதாம் பலருடைய நினைவுக்கு வரும். ஆனால், மண்ணில் வேரூன்றி, குளிர்காலம் முழுதும் வெண்பனியின் கீழ் உறங்கி, வசந்தத்தில் மீண்டும் முளைத்துப் பூக்கும் இனங்களும் இக்குடும்பத்தில் அநேகம் உண்டு. வட அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் முதலிய குளிர்ந்த பிரதேசங்களில் இவற்றை வீட்டுத் தோட்டத்தின் நிழற்பாத்தியிலேயே வளர்க்கின்றனர்.

இவற்றுள் தலைசிறந்தது சிப்ரிபீடியம். இதன் பூவிதழ்களுள் ஒன்று பைபோல் உப்பிச் சிறு பாதரட்சையின் வடிவங் கொண்டிருப்பதால், ஆங்கிலேயர் இதனைச் ‘சீமாட்டியின் பாதரட்சை’ என்று வழங்குவர். அமெரிக்காவிலுள்ள மின்னசோட்டா ராஜ்யம் 1902-ஆம் ஆண்டில் சிப்ரிபீடியம் ரெஜினே என்னும் இனத்தைத் தன் அடையாள மலராகக் கொண்டது. அங்குக் குளிர்காலத்தில் உஷ்ணநிலை பூஜ்யத்திற்குக் கீழ் 30 டிகிரி சென்டிகிரேடு வரை இறங்குவதுண்டு. எனினும் இச்செடி அழிவதில்லை. ஆகவே, தோட்டங்களில் இது மடிவதற்குக் குளிரைக் குறை கூறுதல் பொருந்தாது. வேரடியில் தேங்கும் ஜலமும் வளர்ப்போரின் அவசரமுமே பெரும்பாலும் காரணங்களாகும்.

இடம்

காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் பட்டு, நண்பகலில் நிழல் விழும் இடமே ஏற்றது. வீட்டின் கிழக்குப் புறமும் வடகிழக்குப் புறமும் நல்லவை. இலையுதிர் மரங்களின் சல்லடை நிழலும் உகந்ததே. ஆனால் மேப்பிள், பர்ச் போன்று மேல்மண்ணில் வேரைப் பரப்பும் மரங்களின் அடி ஆகாது. அவ்வேர்கள் பாத்தியின் ஈரத்தை முழுதும் உறிஞ்சிவிடும். காரிருளான இடத்தில் இலை தழைக்குமேயன்றிப் பூ வாராது.

மண்

சிப்ரிபீடியத்தின் வேர்கள் ஆழச் செல்லாமல் பக்கவாட்டில் பரவுவன. ஆதலின் ஓரடி ஆழமுள்ள பாத்தி போதும். பருமணல், சிறு சரளை, பெர்லைட் போன்ற வடிகால் தரும் பொருள்கள் முக்கால் பங்கும், நன்கு மக்கிய இலை கால் பங்கும் கலந்து நிரப்புதல் வேண்டும். பச்சைத் தொழுவுரம் சேர்த்தல் கூடாது.

களிமண் நிலத்தில் குழி தோண்டி இக்கலவையை நிரப்புவோர் பலர். சுற்றிலுமுள்ள களிமண் நீரை விடாதாகையால், அக்குழி மழைக்காலத்தில் சிறு குளமாகி வேர்களை அழுகச் செய்யும். அத்தகைய நிலத்தில் கல்லோ மரச்சட்டமோ வைத்துத் தரைக்கு மேல் பாத்தியை உயர்த்துதலே முறை.

நடுதல்

செடி உறங்கும் இலையுதிர் காலமே நடுவதற்குத் தக்க பருவம். பாத்தியின் நடுவில் கலவையைச் சிறு மேடாகக் கூட்டி, அதன்மேல் செடியை வைத்து, வேர்களைச் சிலந்தியின் கால்களைப் போல் நாற்புறமும் பரப்புக. வேர்களை மடக்கவோ ஒடிக்கவோ கூடாது. அடுத்த ஆண்டின் குருத்து மொட்டு, மண்மட்டத்திற்குச் சற்றே கீழாக, ஓர் அங்குலத்திற்கு மேற்படாத ஆழத்தில் இருக்கட்டும். நட்டபின் பைன் ஊசியிலைகளையோ, பீச் முதலிய மரங்களின் சருகுகளையோ மெல்லிய மூடாக்காக இடலாம். குளிர்காலத்தில் செடியின் அடையாளமே மேலே தெரியாதாகையால், இடத்தைக் குறிக்கும் முளை ஒன்றை ஊன்றுதல் அவசியம். மண்வெட்டிக்கு இரையான ஆர்க்கிட்டுகள் பல.

நீரும் உரமும்

வசந்தம் முதல் கோடை முடியும் வரையில் பாத்தி சமமான ஈரத்துடன் இருத்தல் வேண்டும். மழைநீர் மிகவும் ஏற்றது. திரவ உரத்தைப் புட்டியிற் குறித்த அளவில் கால் பங்கு வலிமைக்குக் கரைத்து, குருத்து எழுந்தது முதல் நடுக்கோடை வரை இருவாரத்திற்கு ஒருமுறை இடலாம். பூ உதிர்ந்த பின்னும் இலைகளை வெட்டலாகாது. வரும் ஆண்டின் மொட்டு அவ்விலைகள் ஈட்டும் உணவாலேயே உருவாகின்றது. அவை தாமே மஞ்சளித்து வாடும் வரை காத்திருத்தல் வேண்டும்.

குளிர்காலக் காப்பு

மூன்று மாத காலக் கடுங்குளிர் இச்செடிக்கு இன்றியமையாத ஓய்வாகும். தரையின்மேல் கிடக்கும் வெண்பனி ஒரு கம்பளியைப் போன்று அதைக் காக்கின்றது. பனிப்போர்வையின்றி, மண் மாறி மாறி உறைவதும் உருகுவதுமான குளிர்காலமே கேடு பயக்கும். அப்போது மூடாக்கைத் தடிப்பாக்குதல் நலம். வசந்தத்தில் குருத்து எழுந்தபின் இரவில் உறைபனி விழும் அறிகுறி தோன்றின், தொட்டியொன்றைக் கவிழ்த்து மூடிக் காலையில் எடுத்துவிட வேண்டும். குருத்து ஒருமுறை கருகினால், அவ்வாண்டில் மறு குருத்து வருவது அரிது. நத்தைகளும் ஓடில்லா நத்தைகளும் இளங்குருத்தை ஓரிரவில் தின்றுவிடுமாதலால், மாலையில் விளக்குடன் சென்று பொறுக்கி அகற்றுதல் நல்லது. ரெஜினே இனத்தின் இலைமயிர் சிலருக்குச் சருமத்தில் அரிப்பை உண்டாக்கும்; கையுறை அணிக.

செடி வாங்குதல்

இதுவே யாவற்றினும் முக்கியமானது. ஆர்க்கிட் விதை தூசியை ஒத்தது; தனக்கென உணவுச் சேமிப்பு இல்லாதது. மண்ணிலுள்ள ஒருவகைப் பூஞ்சையின் உதவியாலேயே அது முளைக்கின்றதென்பதைப் பிரெஞ்சு விஞ்ஞானி நோயல் பெர்நார் 1899-ஆம் ஆண்டில் கண்டறிந்தார். காட்டில் ரெஜினே செடி விதையினின்று வளர்ந்து முதற்பூப் பூக்கப் பதினாறு ஆண்டு வரையும் ஆகலாம். அப்படிப்பட்ட செடியை ஒரு நிமிஷத்தில் தோண்டியெடுத்து விற்பவரும் உண்டு. வேர் அறுந்து, பூஞ்சையின் துணையும் இழந்த அச்செடி, வாங்கியவர் தோட்டத்தில் ஓரிரு ஆண்டுகளில் பெரும்பாலும் மடிகின்றது. காடும் இழந்தது, தோட்டமும் பெறவில்லை.

இங்கிலாந்தில் சிப்ரிபீடியம் கால்சியோலஸ் இனம் இவ்வாறு தோண்டப்பட்டே அருகிப்போய், 1917-இல் அற்றுப்போயிற்றென்று கருதப்பட்டது. 1930-ஆம் ஆண்டில் யார்க்ஷையரில் ஒரேயொரு செடி காணப்பட்டது. அதன் இருப்பிடத்தை இரகசியமாக வைத்துப் பல்லாண்டுகள் காவல் புரிந்தனர். பின்னர்க் கியூ தாவரத் தோட்டத்தார் விதையினின்று நாற்றுகளை வளர்த்துக் காட்டில் நட்டனர்; அவற்றுள் ஒன்று 2000-ஆம் ஆண்டில் மலர்ந்தது. ஒரு செடியைத் தோண்ட ஒரு நிமிஷம். அதைத் திரும்பப் பெற ஒரு மனிதனின் ஆயுட்காலம்.

பூஞ்சையின்றியே சர்க்கரை கலந்த ஊட்டக்கூழில் விதையை முளைப்பிக்கும் முறையை லூயிஸ் நட்சன் 1922-இல் வெளியிட்டார். அவ்வழியில் குடுவைகளில் வளர்த்த நாற்றுகள் இன்று செடிப்பண்ணைகளில் கிடைக்கின்றன. விலை சற்று அதிகமாயினும், அவை தோட்ட வாழ்வுக்குப் பழகியவை. புதிதாய்த் தொடங்குவோர் ‘கிஸெலா’ போன்ற கலப்பினங்களையோ, கிழக்காசியாவின் பிளெட்டிலா ஸ்ட்ரையேட்டாவையோ தேர்ந்தெடுக்கலாம். பிந்தியதன் கிழங்கை இரண்டு அங்குல ஆழத்தில் நட்டு, கடுங்குளிரில் தடித்த மூடாக்கிடுதல் போதும். மிகுந்த புளிப்பு மண்ணையே வேண்டும் சிப்ரிபீடியம் அகாலே தோட்டங்களில் நிலைப்பது அரிதாகையால், அதை விடுத்தல் நலம்.

பாத்தியை ஒருமுறை முறையாக அமைத்து, பண்ணையில் வளர்ந்த செடியை நட்டு, பின்னர் அதைக் கிளறாது விட்டு வைப்போருக்கு, ஆண்டுக்கு ஆண்டு குருத்துகள் பெருகும். ஐந்தாறு ஆண்டுகளுக்குப் பின், இலையுதிர் காலத்தில், பங்குக்கு மூன்று மொட்டுகள் நிற்குமாறு தூரைப் பிரித்து அயலாருக்கும் ஈயலாம். அயலார் தோட்டத்திற்குச் செல்லும் ஒவ்வொரு பங்கும் காட்டில் ஒரு செடியைக் காக்கும்.