பொச்சாவாமை: தங்கவயல் தந்த பாடம்

பெங்களூரில் நான் பணிபுரியும் அலுவலகத்தில் சில மாதங்களுக்கு முன் 'மைண்ட்ஃபுல்னெஸ்' வகுப்பு ஒன்று நடத்தினார்கள். கண்ணை மூடுங்கள், மூச்சைக் கவனியுங்கள், செய்வதை உணர்ந்து செய்யுங்கள் என்றார் பயிற்சியாளர். 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபட்-சின் என்பவர் நோயாளிகளுக்காகத் தொடங்கிய பயிற்சி உலகெங்கும் பரவி இப்போது நம் அலுவலகங்களுக்கும் வந்திருக்கிறது. அதன் வேர் பௌத்தம். அந்த வேர் நம்ம கோலார் தங்கவயல் லைன் வீடுகளில் நூறாண்டுக்கு முன்பே ஊன்றியிருந்தது என்பது நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

சொல்லும் பொருளும்

பாலி மொழியில் 'அப்பமாத' என்றொரு சொல் உண்டு. அசட்டையாக இராமை என்பது பொருள். தம்மபதத்தின் இரண்டாம் அதிகாரத்துக்கு அதுவே தலைப்பு. புத்தர் தம் கடைசி அறிவுரையாகச் சொன்னதும் அதுதான் என்பது பௌத்த மரபு. தமிழில் இதற்கு இணையான சொல் திருக்குறளில் இருக்கிறது. ஐம்பத்து நான்காம் அதிகாரம், பொச்சாவாமை. பொச்சாப்பு என்றால் மறதி. ஆனால் சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுகிற மறதி அல்ல. சுகத்திலும் மகிழ்ச்சியிலும் திளைத்துச் செய்ய வேண்டியதை மறந்துவிடுவது. துன்பத்தில் மனிதன் தானாகவே விழித்திருப்பான். வசதி வந்தபின்தான் தூங்கிப்போவான் என்பது இதன் உட்கருத்து.

சுரங்கத்துக்குள் விழிப்பு

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே சுரங்க வேலையைத் தொடங்கியபின், வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்து நம் முன்னோர் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது. என் நைனா அங்கே டிம்பர்மேன். வேலையைத் தொடங்குமுன் தலைக்கு மேலுள்ள பாறையை இரும்புக் கம்பியால் தட்டிப் பார்ப்பார்களாம். கணீரென்றால் பாறை கெட்டி. மத்தளம் போல ஒலித்தால் உள்ளே விட்டிருக்கிறது, எப்போதும் விழலாம். "காது பாறையிலதான் இருக்கணும்பா, வீட்டை நெனச்சா வீடு திரும்ப மாட்டே" என்பார்.

இதுவும் விழிப்புத்தான். ஆனால் அச்சம் கொடுத்த விழிப்பு. கேஜ் ஏறி மேலே வந்ததும் அந்த அச்சம் போய்விடும். சம்பள நாளில் சாராயக்கடை வாசலில் விழிப்பும் போய்விடும். தட்டிப் பார்க்கச் சொல்ல மேலே யாரும் இல்லை.

மேலே வந்த விழிப்பு

அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) 1898-இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவினார். சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். திருக்குறளைத் திரிபிடகத்தோடு இணைத்துத் 'திரிக்குறள்' என்று வாசித்தவர் அவர். அதை அறிஞர் எல்லாரும் ஏற்கவில்லை என்பது வேறு விஷயம். அவருடைய சங்கத்துக்கு மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் கிளைகள் அமைந்தன. எம்.ஒய். முருகேசர், அ.ப. பெரியசாமிப் புலவர் போன்றோர் முன்னின்றார்கள். பண்டிதர் மறைந்தபின் 1926-இல் 'தமிழன்' இதழ் தங்கவயலிலிருந்தே மீண்டும் வந்தது, ஆசிரியர் ஜி. அப்பாதுரையார். அம்பேத்கர் நாகபுரியில் பௌத்தம் தழுவியது 1956-இல் என்பதை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஒருவர் வாசிக்க, லைனில் இருப்பவர்கள் சுற்றி உட்கார்ந்து 'தமிழன்' கேட்பார்கள் என்று என் பாட்டனார் சொன்னதாக நைனா சொல்வார். அங்கே ஓதிய பஞ்சசீலத்தில் ஒரு நுட்பம் உண்டு. 'குடிக்காதே' என்று அது கட்டளையிடுவதில்லை. 'மது அருந்தாமை என்னும் ஒழுக்கத்தை நான் மேற்கொள்கிறேன்' என்று ஓதுபவரே தம் வாயால் சொல்ல வேண்டும். யாரும் விரட்டாமல், தானே தேர்ந்து, தெரிந்து வாழ்வது என்பது இதுதான்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் பண்டிதர் இதையே வலியுறுத்தினார். அடுத்தவன் சூட்டிய இழிபெயரை அப்படியே எழுதவிடாதீர்கள், சாதிபேதமற்றவர் என்றும் பௌத்தர் என்றும் நீங்களே சொல்லுங்கள் என்று 1911 கணக்கெடுப்பையொட்டி இதழில் எழுதினார். படிவத்திலுள்ள ஒரு கட்டத்தை யோசித்து நிரப்புவதும் வாழ்க்கையை யோசித்து வாழ்வதுதான்.

நம் வீட்டுப் படிவம்

சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. விடிவதற்கு முன் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறிப் பெங்களூரில் வேலை பார்த்துத் திரும்பும் ஆயிரக்கணக்கானோரில் நானும் ஒருவனாக இருந்தேன். பிறகு அங்கேயே வீடு எடுத்தேன். தலைக்கு மேல் இப்போது பாறை இல்லை, ஃபேன் ஓடுகிறது.

மகளின் பள்ளி விண்ணப்பத்தில் 'தாய்மொழி' என்று ஒரு கட்டம். செல்போனைப் பார்த்துக்கொண்டே, "இங்கிலீஷ்னே போட்டுடும்மா, எதுக்கு வம்பு" என்றேன். அவள் பேனாவை நிறுத்தி, "அப்ப தாத்தா எங்கிட்ட பேசறது என்ன மொழிப்பா?" என்று கேட்டாள். ஒரு பைசா இதழை வாசிக்கக் கேட்டு வளர்ந்தவரின் பேரன் நான். வாயடைத்துப் போனேன். எந்த அச்சமும் இல்லை, யாரும் தடுக்கவும் இல்லை. வெறும் பொச்சாப்பு.

அடித்துவிட்டுத் 'தமிழ்' என்று எழுதினோம். அன்று முதல் இரவில் அரைமணி நேரம் தாத்தாதான் அவளுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார். கன்னடமும் அவள் நன்றாகப் படிக்கிறாள். நான்கு தலைமுறைக்குச் சோறு போட்ட மண்ணின் மொழி அது. இரண்டையும் தெரிந்தே படிக்கட்டும்.

வெளிமாநிலத்தில் வாழும் நம் குடும்பங்கள் எதையும் வெறுத்து இழப்பதில்லை; கவனிக்காமல்தான் இழக்கிறோம். கண்ணை மூடி மூச்சைக் கவனிப்பது நல்லதுதான். கண்ணைத் திறந்தபின் அன்றாடம் ஒரு தடவையாவது தலைக்கு மேலே தட்டிப் பார்த்துக்கொள்வதும் நல்லது.