பழவேற்காட்டுக்கு டெலஸ்கோப்போட போறீங்களா? இந்த ரெண்டு ஐபீஸ் போதும்!

டெலஸ்கோப் வாங்கினா ஐபீஸ் மேல ஐபீஸா சேர்ந்துடும். ஆனால், பழவேற்காடு ஏரிக்கரை கிராமங்களில் இருட்டுலயும் உப்புக்காத்துலயும் நின்னு அடிக்கடி மாத்திட்டிருக்க முடியாது.

டெலஸ்கோப்பின் குவியத்தூரத்தை ஐபீஸின் குவியத்தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம். 1200 மி.மீ டெலஸ்கோப்பில் 25 மி.மீ போட்டால் 48 மடங்கு, 10 மி.மீ போட்டால் 120.

அந்த 25-ஐ விட்டுடாதீங்க. ஏப்ரல், மே இரவுகளில் தெற்கே சுமார் 29 டிகிரி உயரம் வரை வரும் ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்து அதில் முழுசா அடங்கும். லண்டன்காரங்களுக்கு அது உதிக்கிறதே இல்லை! என்ன, அதே தெற்கில்தான் எண்ணூர், காட்டுப்பள்ளி வெளிச்சமும் இருக்கு. 10 மி.மீ-க்கு மாறினா, ஓரம் வெட்டுப்பட்டாலும் பின்னணி வானம் கொஞ்சம் கறுக்கும். வியாழன், சனிக்கும் இதுதான்.

சின்ன டெலஸ்கோப்போட இலவசமா வர்ற 4 மி.மீ? தாராளமா கொடுத்துடலாம். 60 மி.மீ லென்ஸ், 700 மி.மீ குவியத்தூரம்னா 175 மடங்கு. அந்த லென்ஸ் தாங்குறதே 120 தான். படம் மங்கிடும். கண்ணாடி போடுறவங்க பாடு இன்னும் திண்டாட்டம்.

வீட்டுக்கு வந்ததும் துணியால துடைக்காதீங்க. உப்புத்துகள் கோட்டிங்கைக் கீறிடும். முதல்ல ப்ளோயரால ஊதுங்க.