கச்சானும் வாடையும்

கொண்டல், கோடை, தென்றல், வாடை எனக் காற்றுக்குத் திசைபற்றிப் பெயர் வகுத்தவர் நம் முன்னோர். கிழக்கு, மேற்கு, தெற்கு, வடக்கு என முறையே பொருள் கூறி, இந்நான்கு பெயரையும் மாணாக்கர்க்கு நெட்டுருச் செய்விப்பது முப்பதாண்டாக என் தொழில். ஒருமுறை, உப்புவெளிப் பக்கத்துக் கடற்றொழிலாளர் குடியிற் பிறந்த மாணவன் ஒருவன், மேல்காற்றின் பெயர் யாது என்ற வினாவுக்குக் 'கச்சான்' என்று விடை எழுதியிருந்தான். ஈழநாட்டில் கச்சான் என்பது திருவிழாக்களில் வறுத்து விற்கும் நிலக்கடலைக்கும் பெயராதலின், வகுப்பு முழுதும் நகைத்தது. யானும் நகைத்தேன், நகைத்ததோடமையாது சிவப்பு மையாற் குறுக்கே கோடும் இழுத்தேன்.

அக்கோட்டின் பிழையைச் சென்ற ஆனி மாதத்தில் ஒருநாட் காலை உப்புவெளிக் கடற்கரையில் உணர்ந்தேன். நடைக்குச் சென்றவிடத்து, அயல்நாட்டு இளைஞர் ஒருவர் பெரியதொரு பட்டத்தை மணலில் விரித்துக் காற்றேற்றிக் கொண்டிருந்தார். காலிற் பலகையைப் பூட்டி, இடையிற் பட்டத்தின் கயிறுகளைப் பிணைத்துக் காற்றால் இழுக்கப்பட்டு நீர்மேல் விரையும் விளையாட்டு அது, பட்டச்சறுக்கு எனலாம். கடலோ குளம்போற் கிடந்தது. இதனினும் நல்ல நாள் வாய்க்குமோ என்றே யானும் எண்ணினேன். அப்பொழுது படகோட்டி ஒருவர் ஓடிவந்து, ஆங்கிலத்திலும் கைச்சாடையிலுமாக அவரைத் தடுத்தார். பின் என் பக்கம் திரும்பி, "கச்சான் எழும்பிவிட்டது, ஐயா. இதிலே இறங்கினால் இவர் கரைக்கு வரமாட்டார்" என்றார். குரலால் அறிந்தேன், என் பழைய மாணவரே அவர்.

அவர் விளக்கியதை எனக்குத் தெரிந்த பூகோள நூலறிவோடு பொருத்திக் கூறுவேன். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று இலங்கையின் மேற்குச் சரிவில் மழையைப் பொழிந்து, நடு மலைநாட்டைக் கடந்து, ஈரம் இழந்து வெப்பமுற்றுக் கீழ்க்கரைக்கு இறங்குகின்றது. இதுவே கச்சான். வானிலை நூலோர் தம் ஆங்கிலச் சொற்கோவைகளிலும் இச்சொல்லை இப்படியே ஏற்றிருக்கின்றனர். மட்டக்களப்புப் பகுதியில் இது நன்கு வீசும் என்பது அவர் குறிப்பு. யான் பிழையென்று அடித்த சொல்லுக்கு மேனாட்டார் அகராதியில் இடமளித்திருந்தனர்!

நிலத்திலிருந்து வீசுங் காற்றாதலின், கரையருகே அலை எழுப்ப அதற்கு நீர்ப்பரப்புப் போதாது. தென்னையும் கட்டடங்களும் அதனை மறைப்பதால் மணலில் நிற்பவர்க்கு அது மெல்லிதாகவே தோன்றும். சிறிது தூரம் உள்ளே சென்றதும் அதன் வலி தெரியும், விட்டுவிட்டு அடிக்கும், பட்டம் விழுந்தால் ஆளைக் கீழ்க்கடலுக்கே தள்ளிச் செல்லும். அமைதியாகத் தோன்றும் கடலே ஈண்டு ஆபத்து. பட்டச்சறுக்குக்கு வேண்டுவது கரைக்குச் சாய்வாக வீசும் நிலையான காற்று. அதே பருவத்தில் மேற்குக் கரையிலுள்ள கற்பிட்டிக் களப்பில் அது கிடைக்கின்றது. ஆண்டுதோறும் வீரர் அங்கே கூடுவதன் காரணம் அதுவே.

அலைச்சறுக்கு வேறு வகைத்து. அதற்கு வேண்டிய அலை உள்ளூர்க் காற்றாற் பிறப்பதன்று. தென்மாகடலிற் பிறந்து பல்லாயிரங் கல் கடந்து வருவது. பொத்துவிலை அடுத்த அறுகம் குடாவில் அவ்வலை முனையைச் சுற்றி வளைந்து ஒழுங்காக உடைகின்றது. நிலக்காற்று எதிர்நின்று அதன் முகத்தைச் சரியவிடாது தாங்குகின்றது. அவ்வலை வடக்கே வரவர மெலிந்துவிடுமாதலின், நிலாவெளியிலும் உப்புவெளியிலும் அப்பருவம் நீந்துவோர்க்கும் கரைவலை இழுப்போர்க்குமே உரியது. நீர்கொழும்பு, சிலாபம் முதலிய மேற்குக்கரை மீனவர் தம் கடல் கொந்தளிக்கும் அம்மாதங்களில் இங்கே வந்து வாடி அமைத்துத் தொழில் செய்யும் வழக்கமும் இதனாலெழுந்தது.

வாடை தொடங்கினால் நிலைமை தலைகீழாகும். நக்கீரர் நெடுநல்வாடை பாடியது பாண்டிநாட்டுக் கூதிரை எண்ணி. எங்கள் வாடையோ வடகீழ்த் திசையிலிருந்து மழையோடும் திரையோடும் வருவது. அலை உயரமாயினும் ஒழுங்கற்றது. கரையை நேரே அறையும். திரும்பும் நீர் காலை வாரும். பழகாதார் இறங்கத் தகாத காலம் அது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் முதலில் இக்கரையையே தாக்கிற்று. 2020 டிசம்பரிலும் ஒரு புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது.

இவ்வாடைக்கு அஞ்சாத இடம் நம் உட்துறைமுகம் ஒன்றே. அதன் பொருட்டுப் பேரரசுகள் பொருதன. 1782 சனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றிய துறையை ஆகஸ்டு இறுதியில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன் பறித்துக்கொண்டார். புகலிடமின்றிச் சென்னைக் கடலில் வாடையை எதிர்நோக்கிய ஆங்கிலத் தளபதி இயூசு, தம் கலங்களோடு பம்பாய் வரை ஓடவேண்டியதாயிற்று. பீரங்கிகளால் ஆகாததைக் காற்று செய்தது என்று வரலாற்று ஆசிரியர் எழுதுவதில்லை, எழுதினாற் பிழையாகாது.

மீண்டும் கரைக்கு வருவேன். அவ்விளைஞர் முதலிற் சினந்தார். பின், படகோட்டி ஒரு வெற்றுப் போத்தலை நீரில் எறிந்து காட்டினார். அது சிறிதுநேரம் தயங்கி நின்று, பிறகு எவரும் இழாமலே கிழக்கு நோக்கி விரைந்தது. நாங்கள் மூவரும் அது புள்ளியாகி மறையும்வரை பார்த்து நின்றோம். இளைஞர் ஒன்றும் பேசாது பட்டத்தின் காற்றைத் திறந்துவிட்டார்.

"அந்தப் புள்ளியை இப்பொழுதாவது போடுவீர்களோ, ஐயா?" என்று படகோட்டி சிரித்தார். போடுகிறேன் என்றேன். அவ்விடத்தே மணலில் அமர்ந்து, தெற்கே சோழகம், அதற்கும் கிழக்குக்கும் இடையே சோழகக்கொண்டல், வடகிழக்கே வாடைக்கொண்டல் என்று அவர் சொல்லச் சொல்லக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். நிகண்டு நான்கு தந்தது; அவர் எட்டுத் தந்தார். ஒன்பதாவதைச் சொல்லுமுன் கரைவலைக்காரர் அவரை அழைத்தனர், எழுந்து போய்விட்டார். அப்பெயரைக் கேட்க ஞாயிறன்று மீண்டும் போகவேண்டும்.